பெட்டி வந்திட்டுதாம்!

தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருக்காலாவது கழுத்தைத் திருப்பிப் பின்னுக்குப் பார்த்திருப்பீர்கள். சனத்தின் தலைக்கு மேலால், பீடிப் புகைக்கூடாக ஒரு வெளிச்சம் போகும். அது புறப்படுகிற இடத்தில், பின்சுவரில் சின்னதாய் ஒரு சதுர ஓட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. உள்ளே ஆரோ அங்குமிங்கும் நடக்கிற நிழல் தெரியும். சிறுவயதில் எனக்குத் திரையில் நடப்பதைவிட அந்த ஓட்டைக்குள் நடப்பதில்தான் கூடின ஆவல். இன்றைக்கு வாருங்கோ, அந்த அறைக்குள் போவோம்! போவதோடு நிற்காமல், அந்த அறைக்குப் படம் என்னென்ன வழியால், எத்தனை கை மாறி வந்தது என்றும் பார்ப்போம். கேட்கக் கேட்க வாய் பிளக்க வைக்கிற புதினம் இது.

இதை நான் புளியங்கூடல்காரனாகத்தான் சொல்கிறேன். சரவணைக்கும் நாரந்தனைக்கும் அயலில் கிடக்கிற ஊர். படம் பார்க்கவேண்டுமென்றால் பஸ் ஏறி, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி எல்லாம் தாண்டி, கடலை ஊடறுத்துப் போகிற பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகவேண்டும். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆக்களுக்கு அதற்கு முதல் கடல் வேறு. படம் முடிந்து வெளியே வந்தால் கடைசி லோஞ்ச் எப்போதோ போயிருக்கும். பட்டணத்தில் படுக்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால்தான் இரவுக் காட்சி.

வின்சர், வெலிங்டன், றீகல், ராஜா, ராணி, மனோகரா, லிடோ, சிறீதர். அந்தக் காலத்துப் பட்டணத்துத் தியேட்டர்களின் பெயரைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு குதிக்கிறது. சென்னையில் கழுவி எடுத்த ஒரு பிலிம் சுருள் இந்தத் தியேட்டர்கள்வரை வரும். அதற்கு அப்பால் எங்கட தீவுகள். அந்த நீண்ட பாதையின் கடைசி நுனியில் நாங்கள் இருந்தோம். நுனியில் இருந்து பார்த்தால்தான் பாதை முழுதும் தெரியும் என்பது என் எண்ணம்.

முதலில் படப்பெட்டியைத் திறப்போம். தகரப் பெட்டி. பக்கத்தில் கைபிடி. உள்ளே வட்ட டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் 35 மில்லிமீற்றர் அகலப் பிலிம், ஏறத்தாழ 1000 அடி. இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு வினாடிக்கு 24 கட்டம் ஓடவேண்டும். ஒரு அடிப் பிலிமில் 16 கட்டம். அப்படியென்றால் வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிசத்துக்கு 90 அடி. 1000 அடி றீல் 11 நிமிசத்தில் முடிந்துபோகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி வேண்டும், அதாவது நான்கு கிலோமீற்றருக்கு மேல்! அதில் 2,16,000 தனித்தனிப் படங்கள். எம்.ஜி.ஆர். ஒரு வாள் வீச்சு வீசுகிறார் என்றால் அதற்கே ஒரு முழம் பிலிம் போய்விடும். டப்பாவும் பெட்டியும் சேர்த்துத் தூக்கினால் ஒரு அரிசி மூடையின் பாரம். இதைத்தான் தோளில் வைத்துப் படிக்கட்டு ஏறினார்கள்.

படத்தின் தொடக்கத்தில் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் திரையில் விழும், நினைவிருக்கிறதா? அதில் படத்தின் நீளமும் எத்தனை றீல் என்பதும் எழுதியிருக்கும். பழகின ரசிகர் கண் நேரே அங்கேதான் போகும். 18 றீல் என்று கண்டால் கலரியில் விசில் பறக்கும். காசுக்கு ஏற்ற படம் என்று அப்போதே முடிவாகிவிடும்.

சரி, அறைக்குள் வந்துவிட்டோம். வெக்கை முகத்தில் அடிக்கும். இரண்டு புரொஜெக்டர், இரண்டும் ஆள் உயரம். ஏன் இரண்டு? அங்கேதான் வித்தை இருக்கிறது. இரண்டு றீலை ஒட்டி ஒரு சுருளாக்கினால் 22 நிமிசம் ஓடும். முதல் சுருள் முதல் மெசினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை மற்ற மெசினில் கோத்து ஆயத்தமாக வைக்கவேண்டும். முதலாவது முடிகிற கணமும் இரண்டாவது தொடங்குகிற கணமும் ஒன்றாக இருக்கவேண்டும். கீழே இருக்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது!

ஒப்பரேட்டருக்கு அந்தக் கணம் எப்படித் தெரியும்? இனிமேல் பழைய படம் பார்க்கும்போது திரையின் வலது மேல் மூலையைக் கவனியுங்கோ. சுருள் முடிய ஏறத்தாழ எட்டு வினாடி இருக்கும்போது ஒரு சின்ன வட்டப் பொட்டு மின்னி மறையும். நான்கே நான்கு கட்டம், ஒரு வினாடியின் ஆறிலொரு பங்கு. அதைக் கண்டதும் இரண்டாவது மெசினின் மோட்டரைப் போடவேண்டும். ஏழு வினாடி கழித்து இரண்டாவது பொட்டு. அப்போது ஒன்றின் வெளிச்சத்தை மூடி மற்றதைத் திறக்கவேண்டும். ஒரு படத்துக்கு ஆறு தடவையாவது, ஒரு நாளுக்கு மூன்று காட்சி, வருசம் முழுக்க. அந்த நேரத்தில் தும்மல் வந்தால்கூடக் கதை முடிந்தது. உலகம் முழுக்க இந்தப் பொட்டை நம்பியே அரை நூற்றாண்டுக்கு மேல் படம் ஓடியது என்பதை அறிந்த நாள் தொடக்கம், எனக்குக் கதாநாயகனைவிட அந்த மூலைதான் கண்ணில் படுகிறது.

வெளிச்சம் வந்த விதத்தைக் கேளுங்கோ. அந்தக் காலத்துப் புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குப் பல்ப் இல்லை. இரண்டு காபன் கூர்களை நுனிக்கு நுனி நெருக்கி மின்சாரம் பாய்ச்சினால் நடுவில் வெள்ளை நெருப்பு எரியும். கூர் எரிய எரிய இடைவெளி கூடும். கூடினால் திரை மங்கும். ஒப்பரேட்டர் கறுப்புக் கண்ணாடிக்கூடாகப் பார்த்துப் பார்த்துக் கூரை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். புகை போக மேலே குழாய். ஐம்பதுகளின் பிற்பகுதியில் செனன் விளக்கு வந்த பிறகுதான் உலகத்தின் ஒப்பரேட்டர்கள் மெல்ல மெல்ல இந்த நெருப்புக் காவலில் இருந்து தப்பினார்கள். சின்னத் தியேட்டர்களுக்கு அது வந்துசேர இன்னும் கனகாலம் எடுத்தது.

அதற்கும் முந்தின காலத்துப் பிலிம் இன்னும் பயங்கரம். நைத்திரேற்று என்ற பொருளில் செய்த பிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். எரிவதற்கான ஒட்சிசனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால்தான் பழைய தியேட்டர்களின் படம் காட்டும் அறைக்குத் தடித்த சுவர், ஓட்டைகளுக்கு இரும்பு மூடி. 1950களின் தொடக்கத்தில் கொடாக் அந்தப் பிலிமை நிறுத்தி, எளிதில் தீப்பிடிக்காத பிலிமுக்கு மாறியது. பெட்டியைத் தூக்கின கைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

ஒரு சின்னப் புதினம், சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிலிமின் ஓரத்தில் ஓடுகிற ஒலிக்கோடு, தனக்குரிய படத்துக்குப் பக்கத்தில் இராது. ஏறத்தாழ 20 கட்டம் முன்னுக்கு இருக்கும், ஏனென்றால் படத்தைக் காட்டுகிற இடமும் ஒலியைப் படிக்கிற இடமும் மெசினில் வேறு வேறு. பிலிம் அறுந்து, ஒப்பரேட்டர் அசற்றோன் பசையால் ஒட்டி ஓடவிட்டால், அந்த ஒட்டில் சத்தம் ஒரு இடத்திலும் காட்சி இன்னொரு இடத்திலும் துள்ளும். சிவாஜியின் நீண்ட வசனத்துக்கு நடுவில் அப்படித் துள்ளினால் கலரிச் சனம் விட்டுப்போன சொற்களைத் தாங்களே சொல்லி நிரப்பிவிடும்.

இனிக் கீழே இறங்கி, பெட்டி வந்த வழியே பின்னுக்குப் போவோம்.

தொடக்கத்தில் விநியோகம் என்று ஒன்று கிடையாது. படத்தை அடிக்கணக்கில் விலைக்கு வாங்கி, வாங்கினவரே காவித் திரிந்து காட்டினார். 1905இல் திருச்சியில் றெயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்து மெசினையும் படங்களையும் வாங்கிக் கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினாரே, அப்படி. 1914இல் அவரே கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டி ஓரிடத்தில் நிலைத்தார். காட்டுகிறவர் நடந்து திரிந்த காலம் போய், அவர் ஓரிடத்தில் இருக்கப் படங்கள் திரியத் தொடங்கின. தியேட்டர் நிலையாக நின்றால் அதே படத்தை எத்தனை நாள் ஓட்டுவது? வாரத்துக்கு ஒன்று மாறவேண்டும். விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. வாடகைக்கு விடுகிற தொழில் அப்படித்தான் உலகெங்கும் பிறந்தது. கல்கத்தாவின் மதன் கம்பனி இந்தியா, பர்மா, இலங்கை என்று தன் படங்களையும் தியேட்டர்களையும் பரப்பியது.

இலங்கையில் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்களில் தமிழர் இருவரை நான் மறக்கவிடமாட்டேன். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கியவர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். கொழும்பில் றீகல் தியேட்டர் நிற்கிற வீதிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். மற்றவர் சினிமாஸ் லிமிட்டெட் கே. குணரத்தினம், தமிழ்ப் படங்களை இறக்கியதோடு சிங்களப் படங்களையும் தயாரித்தவர். இவர்களோடு சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸும் சேர, மூன்று கம்பனிகளின் கையில் நாட்டின் படப்பெட்டிகள் ஏறத்தாழ எல்லாம் இருந்தன. எந்தப் படம், எந்த ஊர், எந்தத் திகதி என்பதைக் கொழும்புக் கந்தோர் தீர்மானித்தது. முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுணு பொறொந்துவ' கூட, 1947இல், எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் மதுரையில் எடுத்துப் பெட்டியில் போட்டு இலங்கைக்குக் கொண்டுவந்த படம்தானே!

இப்போது வரைபடத்தைக் கையில் எடுங்கோ. நெடுந்தீவில் நின்று தென்மேற்கே பார்த்தால் கடலுக்கு அப்பால் இராமேசுவரம். இடையில் கச்சதீவு. அவ்வளவு கிட்ட! ஆனால் படம் எங்களுக்கு அந்த வழியால் வராது. சென்னையில் இருந்து கொழும்புக்கு இறங்கவேண்டும், சுங்கம், வரி, தணிக்கை முடியவேண்டும், கொழும்பில் ஓடவேண்டும், பிறகு றெயிலிலோ லொறியிலோ ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே திரும்பி வரவேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை சென்னைக்கும் கொழும்புக்கும் இடையில் சனத்தைக் கொண்டுபோனது போட் மெயில்: எழும்பூரில் றெயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி றெயில். அந்தப் பாதையும் எங்கள் தீவுகளுக்குத் தெற்கால் போய்விட்டது. எங்களைச் சுற்றிக் கடல் முழுக்கப் பாதை. எங்களுக்கான பெட்டி மட்டும் நாட்டைச் சுற்றி வரும்.

தமிழ்நாட்டில் இதே தொழில் வேறு அழகோடு நடந்தது. மாநிலத்தைச் சென்னை, செங்கல்பட்டு, வட தென் ஆற்காடு, திருச்சி தஞ்சை, மதுரை இராமநாதபுரம், திருநெல்வேலி கன்னியாகுமரி, சேலம், கோவை என்று வெட்டி ஏரியா ஏரியாவாக விற்றார்கள். ஒவ்வொரு ஏரியாவுக்கும் இத்தனை பிரிண்ட், அதாவது படப் பிரதி, என்று கணக்கு. முதலில் ஏ சென்டர் எனப்படுகிற பெருநகரங்கள், அங்கே ஓடி முடிந்த அதே பிரிண்ட் சிறுநகரங்களான பி சென்டர், பிறகு ஊர்ப்புறச் சி சென்டர், கடைசியில் டூரிங் கொட்டகை. பெரிய நடிகர் படமென்றால் ரசிகர்கள் பெட்டிக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, ஊர்வலமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

பிரிண்ட் போதாத இடத்தில் நடந்த கூத்துத்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. ஒரே பிரிண்ட், இரண்டு தியேட்டர்! முதல் தியேட்டரில் காட்சி 6 மணிக்கு என்றால் இரண்டாவதில் கொஞ்சம் பிந்தி. முதல் தியேட்டரில் முடிந்த றீலைச் சைக்கிள் கரியரில் கட்டி ஒரு பெடியன் மிதிமிதியென்று மிதிப்பான். அவன் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே கதாநாயகி அழுகையை நிறுத்துவாள். றெயில்வே கேற் மூடினால், ரயர் காற்றுப் போனால், மழை பிடித்தால் அங்கே திரை வெள்ளையாகும், சனம் கத்தும். இத்தாலிப் படம் 'சினிமா பாரடைசோ'வில் இதே காட்சி வரும்போது நான் துள்ளி எழும்பிவிட்டேன். சிசிலியிலும் தமிழ்நாட்டிலும் ஒரே சைக்கிள்!

1972இல் இலங்கையில் எல்லாம் தலைகீழானது. அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. அதற்கான சட்டம் 1971இல் நிறைவேறியது. படம் இறக்குமதியும் விநியோகமும் மெல்ல மெல்ல அதன் ஒற்றைக் கைக்குப் போயின. சிங்கள சினிமாவைத் தமிழ், இந்திப் படங்களின் வெள்ளத்தில் இருந்து காப்பது நோக்கம். அந்தப் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். ஒரு சின்ன நாட்டின் சினிமாவுக்குத் தன் தியேட்டரில் தனக்கு ஒரு இடம் வேண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி வருவது அரிதாகிப் போனது. அந்நியச் செலாவணி இறுக்கிய ஆண்டுகள். புதுப்படத்துக்கு அனுமதி குறைவு, பிரிண்டும் குறைவு. சென்னையில் வந்த படம் வருசக்கணக்கில் பிந்தித்தான் எங்களுக்கு வெளியானது. வந்த படத்தை விடாமல் ஓட்டினார்கள். 'வசந்த மாளிகை' இங்கே மாதக்கணக்கில் ஓடியதை இன்றைக்கும் எங்கட பெரியவர்கள் தங்கள் சொந்தச் சாதனைபோலச் சொல்வார்கள்.

அந்த இறுக்கத்துக்கு முன்னும் அதற்குள்ளும் எங்கட இலங்கைத் தமிழ்ப் படங்களும் பிறந்தன. 1962இல் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றரில் வந்தது. பிறகு 'குத்துவிளக்கு' 1972, தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' 1977, செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 'வாடைக்காற்று' 1978. இந்தச் சினிமாவின் வரலாற்றைத் தேடித் தேடி நூலாக்கிய தம்பிஐயா தேவதாஸ் எங்கட அயல்தீவான புங்குடுதீவைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குச் சொல்லி முடியாத பெருமை. பெட்டி கடைசியாக வந்துசேர்ந்த தீவுகளில் இருந்துதான் பெட்டிகளின் கதையைச் சொல்கிறவர் வந்தார்!

பெட்டிகளுக்குச் சாவும் உண்டு. 1983 யூலை இனக்கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தலை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் சேர்ந்து எரிந்தன. தமிழரின் சொத்து என்று கொளுத்தினார்கள். சிங்கள சினிமாவின் இளமைக்காலம் சாம்பலானது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பிரிண்ட் எங்களிடம் வரும்போது எப்படி இருக்கும்? நூற்றுக்கணக்கான தடவை பல்சக்கரத்தில் ஏறி இறங்கிய உடம்பு. திரை முழுக்கக் கீறல் மழை பெய்யும். றீலின் தொடக்கமும் முடிவும்தான் கூட அடிபடும், ஏனென்றால் கோக்கிற இடமும் கழற்றுகிற இடமும் அவை. அறுந்ததை வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, சில பாட்டுகள் பாதியில் குதிக்கும்.

ஆனால் வெட்டின துண்டு எங்கே போனது? ஆகா, அங்கேதான் எங்கட பங்கு தொடங்குகிறது! தியேட்டருக்குப் பின்னால் குப்பையில் கிடக்கும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஒரு எம்.ஜி.ஆருக்கு இரண்டு நம்பியார். பியூஸ் போன பல்பின் பின்பக்கத்தைக் கவனமாக உடைத்து, உள்ளே தண்ணீர் விட்டால் வில்லை ஆயத்தம். முற்றத்தில் ஒருவன் முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பிடித்து யன்னல் ஓட்டைக்கூடாக அறைக்குள் அடிப்பான். வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவில் பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் சுவரில் கலர் கலராகக் கதாநாயகன்! வெயில் நகர நகர முற்றத்தில் நிற்கிறவன் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பட்டணத்தில் ஒப்பரேட்டர் காபன் கூரை நகர்த்தின அதே வேலை. சென்னையில் இருந்து புறப்பட்ட பிரிண்ட் உண்மையில் புளியங்கூடல்வரை வந்தது, ஒரு பெடியனின் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இரண்டு அங்குலமாக.

எண்பதுகளில் பெட்டியே சுருங்கி வீடியோக் கசற்றானது. அதை ஓட்டுகிற 'டெக்' வந்தது! டெக்கையும் ரீவியையும் நாள் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாத வீட்டுக்கு ஜெனரேற்றரையும் சேர்த்து இறக்கி, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று நான்கு படம். சாமத்தியவீடு, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் படம். சிவராத்திரிக்கு நித்திரை விழிக்க அதைவிட வழி உண்டா? பக்திப்படத்தில் தொடங்கி, நடுச்சாமத்துக்குப் பிறகு ரஜினி வந்துவிடுவார். இந்தக் கசற்றுகளுக்குக் கூட்டுத்தாபனம் தெரியாது, ஏரியா தெரியாது. எங்கோ வெளிநாட்டில் பதிந்தது கொப்பியாகி, அதன் கொப்பியாகி வரும். அதுவரை கொழும்பைச் சுற்றி வந்த பாதையை ஒரு கைப்பை உடைத்துவிட்டது. உயர்ந்த அன்ரெனா கட்டின வீடுகளில் கொடைக்கானல் கோபுரத்தின் தூரதர்சனும் விழுந்தது. கடலுக்கு அப்பால் இருந்து நேரே எங்கட வீட்டுக்குள், ஒருவரின் அனுமதியும் இல்லாமல்!

1990 ஆகஸ்டுக்குப் பிறகு இதில் எதுவும் இல்லை. தீவுப்பகுதி போரில் இராணுவத்தின் கைக்குப் போக, சனம் இடம்பெயர்ந்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, றெயில் நின்றது. பாட்டுக் கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ இயக்கின காலம். விடுதலைப் புலிகளின் நிதர்சனம் பிரிவு எடுத்த படங்கள் வீடியோவில் காட்டப்பட்டன. தியேட்டர்களில் சில குண்டில் போயின, சில வேறு பாவனைக்குப் போயின, சில கூரையில்லாமல் நின்றன. இந்தப் பகுதியை நான் கெதியாய்த் தாண்டுகிறேன். அதை எழுதியவர்கள் நிறையப் பேர்.

இனி மறுபடி மாடிப்படி ஏறுவோம், இன்றைய அறையைப் பார்க்க! 2002இல் ஹொலிவூட் ஸ்ரூடியோக்கள் ஒன்றுகூடி, பிலிம் இல்லாத சினிமாவுக்கு ஒரு பொது விதி எழுதத் தொடங்கி 2005இல் வெளியிட்டன. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் செந்தில்குமாரும் ஜெயேந்திராவும் 1986இல் தொடங்கிய ரியல் இமேஜ், கியூப் என்ற டிஜிட்டல் சினிமா முறையை உருவாக்கித் தமிழ்நாட்டின் சின்னஞ்சிறு ஊர்த் தியேட்டர்களுக்கும் கொண்டுபோனது. 2013இல் புஜி நிறுவனம் சினிமாப் பிலிம் செய்வதை நிறுத்தியது. அதே ஆண்டுக் கடைசியில் பாரமவுண்ட் அமெரிக்காவில் பிலிம் பிரிண்ட் அனுப்புவதை விட்டது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் ஏறத்தாழப் பத்தே வருசத்தில் முடிந்தது.

இப்போது படம் ஒரு ஹார்ட் டிஸ்க். இல்லாவிட்டால் செய்மதியாலோ இணையத்தாலோ இறங்குகிறது. டிஸ்க்கை ஆரும் பறித்துக்கொண்டு போகட்டும், பரவாயில்லை! முழுப் படமும் பூட்டியிருக்கும். திறக்க ஒரு சாவி வேண்டும். கேடிஎம் என்பார்கள், மின்னஞ்சலில் வருகிற சின்னக் கோப்பு. எந்தத் தியேட்டர், அந்தத் தியேட்டரின் எந்த மெசின், எந்தத் திகதி எந்த மணியில் இருந்து எந்த மணிவரை என்று எல்லாம் அதற்குள் எழுதியிருக்கும். முதல் காட்சிக்கு வாசலில் மேளம் அடிக்கும்போது உள்ளே ஒப்பரேட்டர் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். மெசினின் மணிக்கூட்டைத் திருப்பி ஏமாற்றலாம் என்று நினைக்கிறீர்களா? அதையும் யோசித்துவிட்டார்கள். அந்த உள்மணிக்கூட்டை ஒரு வருசத்தில் ஆறு நிமிசத்துக்கு மேல் மாற்ற விதி இடம் தராது! காட்சியை ஒளித்துப் படம்பிடித்தால், எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்குப் பிடித்தது என்று காட்டிக்கொடுக்கிற கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் படத்துக்குள் உண்டு.

நுனியில் இருந்த எங்களுக்கு இது பெருவரம். 2013இல் திறந்த யாழ்ப்பாணத்துக் கார்கில்ஸ் சதுக்கத்தில் நகரும் படியில் ஏறிப் போய்ப் படம் பார்க்கலாம். ராஜா தியேட்டரும் இன்றைக்கு ஓடுகிறது. சென்னையில் வெளியாகிற அன்றைக்கே இங்கேயும் படம். மழை பெய்கிற பிரிண்ட் இல்லை; முதல் காட்சியும் நூறாவது காட்சியும் ஒரே துலக்கம். புளியங்கூடல் பெடியள் மோட்டார் சைக்கிளில் தாம்போதி தாண்டிப் போய், இடைவேளைக்குள் விமர்சனம் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சாவி ஆரிடம் இருக்கிறதோ அவரிடமே படம் இருக்கிறது. பிலிம் காலத்தில் பெட்டி கைக்கு வந்துவிட்டால் அன்றிரவு காட்சி நிச்சயம். இப்போது அப்படியில்லை. 2018 மார்ச் 1 தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதிவரை தமிழ்நாட்டில் புதுப்படமே வெளியாகவில்லை. டிஜிட்டல் கம்பனிகள் வாங்குகிற கட்டணத்துக்கு எதிராகத் தயாரிப்பாளர்கள் நிறுத்திய நிறுத்தம் அது. பிரிண்ட் போடுகிற செலவு போய்விட்டது என்று மகிழ்ந்தவர்கள், அதே செலவு வேறு பெயரில் வந்து நிற்பதைக் கண்டார்கள். பாதை குறுகியிருக்கிறது, சுங்கச்சாவடி அப்படியே இருக்கிறது.

இன்னொரு புதினம் என்னைத் தூங்கவிடுவதில்லை. பாதையின் நுனியில் இருந்தவர்கள் இப்போது அதன் தலையில் நிற்கிறார்கள்! 1987இல் லண்டனில் தொடங்கிய ஐங்கரன் இன்ரர்நாஷனல் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளுக்கு வீடியோவும் பிறகு டிவிடியும், தியேட்டர்களுக்குப் படமும் கொண்டுபோனது. 2014இல் 'கத்தி'யோடு வந்த லைக்கா, '2.0', 'பொன்னியின் செல்வன்' என்று போகிறது. இரண்டும் ஈழத்தமிழர் தொடங்கியவை. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட தீவுச் சனம் வெள்ளிக்கிழமை வாங்குகிற ரிக்கற்றையும் எண்ணித்தான் சென்னையில் பெரிய படங்களின் பட்ஜெட்டைப் போடுகிறார்கள்.

பழைய பிரிண்டுகளுக்கு என்ன நடந்தது? வெள்ளி பிரித்தெடுக்கப் போனவை கன. குஜராத்திப் படம் 'செல்லோ ஷோ' பார்த்தீர்களா? அதில் புரொஜெக்டரை உருக்கிக் கரண்டி செய்வார்கள், பிலிமை உருக்கிக் காப்பு. மீந்தவற்றுக்கும் ஆயுள் குறைவு. வெக்கையில் கிடந்த அசற்றேற்றுப் பிலிம் வினாகிரி மணத்தோடு சுருங்கிச் சாகும். இன்னொரு பக்கம், 2023இல் 'ஒப்பன்ஹைமர்' படத்தின் ஐமாக்ஸ் பிரிண்டைப் பாருங்கோ: 17 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 270 கிலோ பாரம், உலகத்தில் முப்பது தியேட்டரில்தான் ஓடியது. அதைப் பார்க்கச் சனம் நாடு விட்டு நாடு பயணம் போனது.

எங்கட பெட்டிகளை மீட்க முடியாது. அவை வந்துபோன தடத்தை மீட்கலாம். 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' பத்திரிகையின் பழைய பக்கங்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் வாசிக்கக் கிடக்கின்றன. தியேட்டர் விளம்பரங்களை மட்டும் புரட்டிக்கொண்டே போங்கோ, நேரம் போவதே தெரியாது: எந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள், எப்போது மாறியது, எது மறுபடி வந்தது. வீட்டு அலுமாரியில் பழைய படநோட்டீசோ, பாட்டுப் புத்தகமோ, கிழிந்த ரிக்கற்றோ இருந்தால் எறிந்துவிடாதேயுங்கோ. ஸ்கான் பண்ணி நூலகத்துக்குக் கொடுங்கோ. அதைவிட அவசரமான ஒன்று உண்டு. காபன் கூர் பிடித்த ஒப்பரேட்டர் ஒருவர் உங்கள் ஊரிலோ, உங்கள் மாடிக்குடியிருப்பிலோ இன்னும் இருக்கலாம். கைத்தொலைபேசியில் பதிவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கோ. கேட்கவேண்டியவை இவைதான்: அறுந்த இடத்தை எத்தனை வினாடிக்குள் ஒட்டுவீர்கள்? இரண்டாவது பொட்டைத் தவறவிட்ட இரவு என்ன படம்? பெட்டி பிந்தினால் சனத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? தீவுக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்காக ஒரு றீலைக் கெதியாய் முடித்ததுண்டா?